ஒயின் ஜாடி கழுவும் நாள்

ஐந்து இருக்கிறது. துவைக்கிற கல்லின் மேல் ஐந்தையும் வரிசையாக வைத்துவிட்டு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அரைமணி நேரம் ஆயிற்று, மணி பத்தரை, இதில் ஒன்றை எடுத்து ஜாடியைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான் வேலை, இருபத்தெட்டு வருஷமாக வருஷம் தவறாமல் செய்கிற வேலை, ஒயின் போடுவதற்கு முந்தி ஜாடி கழுவுவது, இதற்கு ஒருத்தி பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அவளைப் பார்த்து முதலில் சிரிக்கிறவள் நானாகத்தான் இருப்பேன். எலுமிச்சம்பழம் படம் போட்ட பச்சை லிக்விட். அதற்குப் பக்கத்தில் பிளீச்சிங், வெள்ளைக் கேனில். சலவைச் சோடா, மளிகைக்கடைப் பொட்டலத்தோடு. பிறகு என் மகன் ரெமி பெங்களூரிலிருந்து கூரியரில் அனுப்பிய இரண்டு: வெள்ளைத் தூள் ஒரு டப்பா, கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று. அந்தக் குப்பியில் எழுதியிருக்கிறது, இதை ஊற்றிய பிறகு கழுவ வேண்டாம் என்று. கழுவ வேண்டாம்! கழுவுவதற்கு வாங்கினதை ஊற்றிவிட்டுக் கழுவாமல் விடு என்கிறவன் எந்தத் தாய் வயிற்றில் பிறந்தவனோ. உள்ளே அடுக்களையில் மின்விசிறிக்குக் கீழே செய்தித்தாள் விரித்துப் பத்துக் கிலோ பன்னீர் திராட்சை கிடக்கிறது, விடிகாலையில் மார்க்கெட்டிலிருந்து வந்தது, சாயங்காலத்துக்குள் தோல் வெடித்துப் புளிக்க ஆரம்பித்துவிடும், மத்தியானத்துக்குள் ஜாடிக்குள் போயாக வேண்டும். ஜனவரியில் ரெமிக்குக் கல்யாணம். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் போட்ட ஒயினைத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தால்தான் டோஸ்ட், மணமக்களை வாழ்த்திக் கிளாஸைத் தூக்குவது, கடையில் வாங்கி ஊற்றுகிற வழக்கம் கிடையாது, கேக் வேண்டுமானால் யார் வேண்டுமானாலும் செய்யட்டும். சம்பந்தியம்மாள் நாகர்கோவிலில் இருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். இருநூறு பேர் ஒரே சமயத்தில் கிளாஸைத் தூக்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார்கள். வாய்க்கு முன்னால் மூக்கு. யாரும் அதை யோசிப்பதில்லை, நான் யோசிக்கிறேன், இரண்டு வருஷமாக வேறு எதையும் யோசிக்கிறதில்லை.

எனக்கு மூக்கு இல்லை. இருக்கிறது, மூக்குத்தி போட, கண்ணாடி மாட்ட, ஜலதோஷம் பிடிக்க எல்லாவற்றுக்கும் இருக்கிறது, வாசனை மட்டும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல், நாலு நாள், எல்லோருக்கும் வந்தது, எல்லோருக்கும் போயிற்று, எனக்கு மட்டும் போகும்போது இதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. வந்துவிடும் வந்துவிடும் என்று ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் சொல்லாமல் இருந்ததை இரண்டாம் மாதம் எப்படிச் சொல்வது. பிறகு அது பழகிப்போயிற்று, குழம்புச் சட்டியைத் திறந்து முகத்தை நீட்டி ஒரு இழுப்பு இழுத்து, ம், உப்பு பிடித்துவிட்டது என்று சொல்வேன், நடிப்பு, கான்வென்ட் நாடகத்தில் மூன்று வருஷம் தேவதையாக நின்றவள்தானே. காலையில் எழுந்ததும் அடுக்களை ஜன்னல் இரண்டையும் திறக்கிறேன், மழையானாலும் திறக்கிறேன், கேஸ் திருகியை அணைத்துவிட்டு வந்து மறுபடி போய்ப் பார்க்கிறேன், மறுபடி, பாதி ஜெபமாலையில் எழுந்து போய்ப் பார்க்கிறேன், ஏனென்றால் ஒருநாள் அது கசிந்து வீடு நிரம்பி நின்றாலும் நான் அதன் நடுவில் நின்று தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பேன். இந்த வீட்டில், இந்தத் தெருவிலேயே, மூக்கு என்றால் நான்தான். மீன்காரி கூடையை இறக்குவதற்கு முன்னால் நேற்றைய மீன் என்று சொல்லித் திருப்பி அனுப்பினவள். எல்லாம் மதர் கொலும்பாவிடம் படித்தது. போர்டிங்கில் நாங்கள் சனிக்கிழமை தோறும் குளியலறை கழுவுவோம், மதர் வருவார், தரையைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்க்க மாட்டார், கதவைத் திறந்து வாசலில் நின்றபடி ஒரே ஒரு மூச்சு இழுப்பார், பினாயில் வாசனை நெஞ்சு வரை போனால் தலையாட்டிவிட்டுப் போவார், போகாவிட்டால், மறுபடி ஊற்றுங்கள். அவ்வளவுதான் சட்டம். வாசனை வரும்வரை ஊற்று. பத்து வருஷம் அந்தச் சட்டத்தில் வளர்ந்தவள் போன அக்டோபரில் இதே கல்லடியில் இதே ஜாடிக்குள் பிளீச்சிங்கை ஊற்றினேன், குனிந்து இழுத்தேன், வாசனை வரவில்லை, இன்னும் கொஞ்சம், வரவில்லை, இன்னும் கொஞ்சம். மூக்கு செத்துப்போனது எனக்குத் தெரியும். தெரிந்தும் கை ஊற்றியது. அதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி ஆகிறது, கைக்கென்று ஒரு தனி ஞாபகம், அது என்னைக் கேட்பதே இல்லை.

பேச்சி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே என்னைத்தான் பார்க்கிறாள், முத்துப்பேச்சி, இந்த வீட்டிலும் இந்தத் தெருவில் இன்னும் மூன்று வீட்டிலும் வேலை பார்க்கிறாள், பன்னிரண்டு வருஷம், எனக்குப் பதிலுக்குப் பதில் பேசி இன்னும் வேலையில் இருக்கிற ஒரே ஆள். "என்னக்கா, இன்னுமா முடிவாகல? நாகர்கோயிலுக்குப் பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்வளவு நேரம் எடுக்கலியே நீங்க." பொண்ணுக்கு வாய் இருந்தது, கேட்டதுக்குப் பதில் சொன்னது, இந்த அஞ்சுல எது சொல்லும் என்றேன். "அதான் சாம்பல் தாரேன்னு சொல்லுதேன். எங்க வீட்ல எல்லாத்துக்கும் அதுதான்." உன் சாம்பலை நீயே வைத்துக்கொள், ஜாடியைக் கழுவப் போறேன், கருமாதி பண்ணப் போகல. அவள் சிரித்தாள், நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு கையை நீட்டினேன், வெள்ளைக் கேனைத்தான் எடுத்தது கை, என் கை, என்னைக் கேட்காத கை. "அது வேண்டாம்க்கா." ஏன்? "சும்மாதான்." நீ சும்மா எதையும் சொல்லுகிறவள் இல்லை, சொல்லு. "சொன்னா ஏசுவிய." சொல்லாவிட்டாலும் ஏசுவேன். அவள் குழாயை மூடினாள். குழாயை மூடிவிட்டுச் சொல்கிற விஷயம் எதுவும் நல்ல விஷயமாக இருந்ததில்லை. "போன வருஷ ஒயின்ல அந்த வாட அடிச்சுதுக்கா. ஆஸ்பத்திரி வாட. புண்ணுக்குக் கட்டுப் போட்டா வருமே, அது. பக்கத்து வீட்டு ஜொவிட்டா அக்கா ஒரு வாய் வச்சுட்டு அந்தால மூடி வச்சுட்டாவ. நீங்க வாரது தெரிஞ்சா பாட்டில எடுத்து ஷோகேஸ்ல வைப்பாவ, நீங்க போனதும் நான் எடுத்து உள்ள வைக்கணும்." பதினாலு வீட்டுக்குக் கொடுத்தேனே, பதினாலு வீட்டிலேயுமா? "எனக்கு எப்படிக்கா தெரியும், நான் வேல பாக்குறது மூணு வீட்லதானே." சரி. "மூணுலயும்." ஏண்டி ஒருத்தியும் எங்கிட்டச் சொல்லல? பேச்சி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள், பரிதாபமாக இல்லை, கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. "உங்ககிட்ட யாருக்கா சொல்லுவா?" என்றாள், குழாயைத் திறந்துவிட்டாள்.

உங்ககிட்ட யாருக்கா சொல்லுவா. ஜொவிட்டா சொல்லியிருக்க மாட்டாள்தான், அவள் திரைச்சீலையைப் பற்றிப் போன வருஷம் ஈஸ்டர் அன்று நான் சொன்ன வார்த்தைக்கு இன்னும் முகம் தூக்கித் திரிகிறாள். சரி, ஜொவிட்டா இல்லை. ஆனால் காஸ்பர்? இதோ முன்னறையில் ஈசிச்சேரில் பேப்பர் வாசித்துக்கொண்டு இருக்கிற மனிதர், துறைமுக ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் கையெழுத்துப் போட்டு ரிட்டயர் ஆனவர், என் புருஷன், அவர் குடித்தாரே. கொடுத்தது போக மிஞ்சின ஆறு பாட்டிலையும் அவர்தான் குடித்தார், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கிளாஸ், ஒரு சொட்டு விடாமல், நல்லாருக்கு லாலி என்று சொல்லிவிட்டு, கிளாஸை அவரே கொண்டுபோய்க் கழுவி வைப்பார், அதையும் நான் வயசானதில் வந்த நல்ல பழக்கம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வாடை. புண்ணுக்குக் கட்டுப் போட்ட வாடை. ஆகஸ்டு வரைக்கும். நாற்பது ஞாயிறு இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டு, இந்த வருஷம் பழம் நல்ல பழம் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒரு மனிதன் நாற்பது ஞாயிறு கட்டுத்துணியைக் குடித்துவிட்டு நல்லாருக்கு என்று சொல்ல முடியுமா, முடிந்திருக்கிறது, என் வீட்டில், என் எதிரில். இதை அன்பு என்பதா பயம் என்பதா, இரண்டையும் பிரித்து எடுக்க எந்தச் சோப்பு இருக்கிறது. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, கோவிலில் கூரையை அண்ணாந்து பார்க்கும்போது கழுத்து வலிக்க வலிக்க ஒரு மலைப்பு வருமே, அது வந்தது. அந்த ஆளை எனக்குத் தெரியும் என்று முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக் கேனை வேலியோரம் கொண்டுபோய் வைத்தேன். பச்சை லிக்விடும் போகட்டும், அதன் வாசனையும் எனக்குத் தெரியப்போவதில்லை, எலுமிச்சம்பழ சர்பத்தையா ஊற்றி டோஸ்ட் சொல்வது. மிச்சம் மூன்று. ரெமி போனில் சொன்னான், அம்மா, சுத்தம் பண்றது வேற, கிருமியைக் கொல்றது வேற, ரெண்டையும் ஒண்ணாப் பண்ண முடியாது, முதல்ல அழுக்கு போகணும், அழுக்கு இருந்தா அதுக்கடியில கிருமி ஒளிஞ்சுக்கும், தூளைப் போட்டு அழுக்கை எடுத்து நல்லா அலசிடுங்க, அப்புறம் குப்பில உள்ளதைத் தண்ணில கலந்து ஊத்திக் கவிழ்த்துடுங்க, அலசாதீங்க, அலசினா குழாய்த் தண்ணில உள்ளது மறுபடி ஏறிக்கும். அப்போது நான், எனக்கே பாடம் எடுக்கிறாயா, உன் பீத்துணியைக் கழுவினவளுக்கா என்று போனை வைத்துவிட்டேன். சுத்தம் வேறு, கொல்வது வேறு. ஐம்பத்திமூன்று வயசில் இது எனக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனம் வேறு, நற்கருணை அப்பம் வாங்குவது வேறு, ஒன்று முடிந்துதான் மற்றது, அழுக்கோடு போய் நாக்கை நீட்டக்கூடாது, இது ஏழு வயசில் தெரியும், ஜாடிக்கும் அதேதான் என்று யாரும் சொல்லவில்லை. சோடா பழைய ஆள், நம்பலாம், ஆனால் இந்தத் தூள் என்னதான் செய்கிறது பார்ப்போமே. அடுப்பிலிருந்து சுடுதண்ணீரைக் கொண்டுவந்து ஜாடியில் பாதிக்கு ஊற்றி, கரண்டியால் இரண்டு கரண்டி போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஏமாற்றிவிட்டான் என்று வாயைத் திறக்கப்போகிறேன், உள்ளேயிருந்து ஒரு சத்தம், ரகசியம் பேசுகிற சத்தம், எட்டிப் பார்த்தால் தண்ணீர் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழி, அடியிலிருந்து, சுவரிலிருந்து, பீங்கான் மேல்பூச்சில் மயிரிழை மாதிரி ஓடுகிற பழைய விரிசலில் இருந்தெல்லாம், கொதிக்காமலேயே கொதிக்கிறது, ஒவ்வொரு விரிசலிலும் விரலை விட்டு எதையோ நோண்டி எடுத்துக்கொண்டு வருகிறது. நான் பிரஷ்ஷால் தேய்க்கவில்லை. யாருமே தேய்க்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக நான் எட்டாத இடமெல்லாம் அது எட்டிவிட்டது, பழுப்பாக ஒரு நுரை மேலே வந்து நின்றது, என் இருபத்தெட்டு கிறிஸ்மஸ். பேச்சி, இங்க வாடி, இதப் பாருடி. அவள் எட்டிப் பார்த்து, "ஏ ஆத்தீ" என்று மட்டும் சொன்னாள்.

நாலு தரம் அலசினேன். கடைசித் தரம் ஜாடியைச் சாய்த்து வெயிலுக்குக் காட்டி உள்ளே பார்த்தபோதுதான் அதைக் கண்டேன். தண்ணீர் முத்து முத்தாக நிற்கவில்லை. எந்தப் பாத்திரத்தைக் கழுவினாலும் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் திரண்டு நிற்கும், அதுதான் சுத்தத்தின் அழகு என்று நினைத்திருந்தேன், இல்லை, அது கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு இருக்கிற இடமெல்லாம் தண்ணீர் ஒதுங்கிப்போவதாம், ரெமி அதையும் சொல்லியிருந்தான், போனை வைப்பதற்கு முன்னால். இதில் அப்படி இல்லை. ஒரே விரிப்பு. மேலிருந்து கீழ்வரை கிழியாத ஒரே தகடாகத் தண்ணீர் வழிந்து இறங்குகிறது, எங்கும் ஒதுங்காமல், எதற்கும் பயப்படாமல், ஜாடியின் உடம்பு முழுக்க அதுக்குச் சம்மதம். எவ்வளவு நேரம் பார்த்தேன் தெரியாது. அடுக்களையில் கிடக்கிற திராட்சை மேலே வெள்ளையாக ஒரு சாம்பல் படிந்திருக்குமே, விரலால் தொட்டால் அழியும், ஒயினாக்குவதே அதில் இருக்கிற உயிர்தானாம், திராட்சையை மட்டும் உரசிக் கழுவக்கூடாது என்று என் மாமியார் சொன்னது அதனால்தான், காரணம் அவளுக்கும் தெரியாது. என்ன கூத்து பார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டத்தை ஜாடியிலிருந்து ஒன்று விடாமல் விரட்டுகிறேன், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூட்டம் வந்து குடியிருப்பதற்காக. இரண்டையும் நான் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் ஜாடியில் காதை வைத்தால் சத்தம் கேட்கும், அவ்வளவுதான் எனக்கும் அதுகளுக்கும் பழக்கம். வாசனையும் அப்படித்தானே, கண்ணுக்குத் தெரியாதது, இருந்தவரைக்கும் அதை ஒரு பொருட்டாக நினைத்தேனா. இப்போது அந்த வாசனைதான் கேள்வி. தண்ணீர் கிழியாமல் ஓடுகிறது, சரி, அழுக்கு இல்லை, ஆனால் போன வருஷத்து ஆஸ்பத்திரி அந்த விரிசலுக்குள் எங்கேயாவது படுத்திருக்கிறதா? கண் சொல்லாது. காது சொல்லாது. நாக்கு, சுண்ணாம்பையும் சர்க்கரையையும் பிரிக்கும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாத கழுதை. பேச்சியைக் கேட்கலாம், கேட்டால் விஷயம் மூன்று வீட்டுக்கு மத்தியானத்துக்குள் போய்விடும். கேட்காமல் போடலாம். போட்டுவிட்டு ஜனவரி வரைக்கும் வெளியில் சிரித்துக்கொண்டு, உள்ளே இருநூறு மூக்கை எண்ணிக்கொண்டு கிடக்கலாம், இருநூறு பேரும் காஸ்பர் மாதிரி நல்லாருக்கு நல்லாருக்கு என்று விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், என் பிள்ளையும், அந்தப் பெண்ணும், முதல் வாய்.

"ஏங்க." சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. பேப்பர் மடிக்கிற சத்தம், செருப்பு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றார். "என்ன லாலி?" இதுக்குள்ள தலைய விட்டு மோந்து பாத்துச் சொல்லுங்க. "நீ பாக்க வேண்டியதுதானே, உன் மூக்குக்கு முன்னால நான் எங்க." எனக்கு மூக்கு இல்ல. சிரித்தார். "இருக்கே, நுனியில கோவத்தோட." இல்லங்க, ரெண்டு வருஷமாச்சு, அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு வாசனையும் தெரியல, பூ, மீன், கேஸு, உங்க சட்டை, ஒண்ணும். பேச்சியின் தேங்காய்நார் நின்றுவிட்டது. மத்தியானத்துக்குள் மூன்று வீடு, போகட்டும். ஏன் சொல்லல என்று கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்டால் திருப்பி அடிக்கப் பதில் தயாராக இருந்தது, நீங்க ஏன் சொல்லல, நாற்பது ஞாயிறு. அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை ஒதுக்கி முழங்கால் போட்டு, நரைத்த தலையை ஜாடிக்குள் விட்டார். முதுகு ஒரு தரம் விரிந்து சுருங்கியது. உள்ளேயிருந்து குரல் வந்தது, அவர் குரல்தான், ஆனால் பீடத்திலிருந்து வருகிற மாதிரிப் பெரியதாக. "ஒண்ணுமே இல்ல." ஆஸ்பத்திரி? "இல்ல." சோப்பு? "இல்ல." ரெமி அனுப்பிச்ச தூள்? "ஒண்ணுமே இல்ல லாலி. வெறுமனே இருக்கு."

தலையை வெளியே எடுத்தார், நெற்றியில் ஈரம். நான் அந்த முகத்தைப் பார்த்தேன். இதே முகம்தானே நல்லாருக்கு என்று சொன்னது, இதே கண், இமைகூட அசையாமல். ஒன்றுமே இல்லை என்பது ஜாடியைப் பற்றியா, என்னைப் பற்றியா. சமாதானத்துக்குச் சொல்கிறாரா, அழுதுவிடுவேன் என்றா, ஏசிவிடுவேன் என்றா, முப்பது வருஷம் என் நாக்குக்குப் பயந்து பழகின வாய் இன்றைக்கு மட்டும் எப்படி மாறும், அதைப் பழக்கினவள் நான்தானே. கையை நீட்டினேன், அவர் மூக்குக்கு நேரே, இரண்டு கையையும். இதுல என்ன வருது, சொல்லுங்க. "எதுக்கு?" சொல்லுங்க. அவர் என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இது என்ன பரீட்சை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, தெரியாமல் இருக்க அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. குனிந்தார். மூச்சு உள்ளங்கையில் பட்டது. நிமிர்ந்து, கொஞ்சம் தயங்கி, துறைமுகத்தில் சரக்குப் பெட்டியைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்கிற குரலில் சொன்னார்: "வெங்காயம்." மூணு தரம் சோப்புப் போட்டேன். "வெங்காயம்தான். கொஞ்சம் கருவாடும்." பேச்சி களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பது வருஷத்தில் எனக்கு நேரே நின்று என் மேல் நாற்றம் அடிக்கிறது என்று அவர் சொன்ன முதல் வார்த்தை. நான் கையைக் கீழே இறக்கவில்லை. அப்படியானால் ஜாடி வெறுமனேதான் இருக்கிறது.

குப்பியில் உள்ளதை ஊற்றிக் கவிழ்ப்பது ஒன்றுதான் பாக்கி, அதற்குப் பிறகு இந்தக் கையால்தான் திராட்சையைப் பிசைய வேண்டும். "எவர்சில்வர் டம்ளர்ல தேயுங்கக்கா, வெங்காயம் போயிரும்," என்று பேச்சி ஒன்றை நீட்டினாள். தேய்த்தேன். பிழிந்து போட்ட எலுமிச்சம்பழ மூடி ஒன்று கிடந்தது, அதையும் தேய்த்தேன், நகக்கண் விடாமல், குழாயில் அலசினேன். இப்ப? அவர் குனிந்தார். "வெங்காயம் போயிட்டு." கருவாடு? "இருக்கு." நிஜமாவா? "நிஜமா, லாலி." சரி என்று உப்பை அள்ளி, மறுபடி தேய்த்து, மறுபடி அலசி, சொட்டச் சொட்ட இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். இப்ப?